பிரிந்த படையும் பிரித்த படையும்: அஸ்டார்டேப் போர் பற்றி ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஜப்பானிய மொழியில் ‘கின்கா எய்யூ டென்செட்சு’ எனப் பெயரிய புதினம் 1982ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கி, பத்து நூல்களாக 1987இல் நிறைவுற்றது. அப்பெயரை ‘விண்மீன் மண்டல வீரர் காதை’ என நாம் தமிழில் வழங்கலாம். இதனை இயற்றிய தனாகா யோஷிகி, கக்குஷூயின் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் பயின்றவர். இப்புதினம் 1988ஆம் ஆண்டு முதல் இஷிகுரோ நொபோருவின் இயக்கத்தில் அசைவூட்டப் படத்தொடராக, ஜப்பானியர் வழக்கிற் கூறின் ‘அனிமே’யாக, உருப்பெற்றது. 1997 வரை 110 பகுதிகள் வெளிவந்தன. 2018இல் வேறொரு குழுவினர் அதே காதையை மீண்டும் புதிதாகப் படைக்கத் தொடங்கினர்.

இக்காதை இரு பேரரசுகளின் போரைக் கூறுவதன்று. ஒரு முடியாட்சிக்கும் ஒரு மக்களாட்சிக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் போரைக் கூறுவது. முடியாட்சியைப் பேரரசு எனவும், மக்களாட்சியைக் கூட்டமைப்பு எனவும் இக்கட்டுரையில் வழங்குவோம். காதையின் வாயிலில் நிற்பது அஸ்டார்டே என்னுமிடத்து நிகழும் விண்வெளிப் போர். கூட்டமைப்பு, பகைவரினும் இரு மடங்கு கலங்களைக் கொண்டிருந்தும், அவற்றை மூன்று பிரிவாக்கி மூன்று திசையில் அனுப்பித் தோற்றது. இதனைக் கண்டவர்கள் பெரும்பாலும் ஒரு முடிபுக்கே வருகின்றனர். படையைப் பிரித்தது தவறு. பிரித்தமையால் தோற்றனர் என்பதே அம்முடிபு.

அம்முடிபு முழுதும் பொருந்துவதன்று என்பது நம் கருத்து. அதே போரின் இறுதியில், தோற்றுக்கொண்டிருந்த படையை அழிவினின்று காத்ததும் ஒரு பிரிவினையே. ஆகவே பிரித்தல் என்னும் செயலே குற்றமாயின், அது ஒரே களத்தில் ஒருமுறை கொல்வதும் மறுமுறை காப்பதும் எங்ஙனம் என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவிற்குக் காதையில் வரும் வாதங்களையே சான்றாகக் கொண்டு விடை காண முயல்வோம்.

2. களத்தின் நிலை

காதையில் வழங்கும் விண்வெளி ஆண்டுக் கணக்கின்படி இப்போர் 796இல் நிகழ்ந்தது. பேரரசின் படையில் 20,000 கலங்கள் இருந்தன. அதன் தலைவன் ரைன்ஹார்டு என்பான் இருபது வயதினன். கூட்டமைப்பு அனுப்பியவை 40,000 கலங்கள். பயேட்டா தலைமையேற்ற இரண்டாம் படையில் 15,000, பாஸ்டோரே தலைமையேற்ற நான்காம் படையில் 12,000, மூர் தலைமையேற்ற ஆறாம் படையில் 13,000 எனக் கலங்கள் பகுக்கப்பட்டிருந்தன. இம்மூன்றும் மூன்று திசையினின்றும் ஒரே காலத்து நெருங்கிப் பகைவரை நடுவே வளைத்து அழித்தல் வேண்டும் என்பது திட்டம்.

இத்திட்டம் அறியாமையால் தோன்றியதன்று. வரலாற்றறிவால் தோன்றியது என்பது கருதத்தக்கது. விண்வெளி ஆண்டு 640இல் டாகோன் என்னுமிடத்தில் கூட்டமைப்பின் முன்னோர், தம்மினும் பெரிய பேரரசுப் படையை வளைத்து அழித்திருந்தனர். 156 ஆண்டுகளுக்குப் பின் அவ்வெற்றியை மீண்டும் நிகழ்த்த விரும்பினர் அவர்தம் வழித்தோன்றல்கள். ஆயின் டாகோனில் வளையம் மூடிற்று. அஸ்டார்டேயில் மூடுமுன்னரே உடைந்தது. முன்னோரின் செயலைப் பின்பற்றியோர் அச்செயலின் வடிவத்தை எடுத்துக்கொண்டனரேயன்றி, அது நிறைவேறுதற்குத் துணையான சூழ்நிலையை எண்ணிற்றிலர்.

3. பேரரசின் அவை

போர் தொடங்குமுன் பேரரசின் படைத்தலைவர் ஐவர் ரைன்ஹார்டைக் காண வருகின்றனர். முதுபெருந்தலைவர் மெர்கட்ஸ் அவருள் ஒருவர். பகைவர் இரு மடங்கினர்; மூன்று திசையிலும் நம்மைச் சூழ்கின்றனர்; மானம் குன்றாமல் திரும்பிவிடுவதே தக்கது என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

ரைன்ஹார்டின் மறுமொழி அவர்கள் கூறிய செய்தி எதனையும் மறுக்கவில்லை. அதே செய்தியை வேறு வகையில் எண்ணிக் காட்டுகின்றது. பகைவர் நாற்பதாயிரவர் என்பது உண்மையே. ஆயின் நம்முன் நாற்பதாயிரவர் ஒருங்கு நிற்கவில்லை. பன்னிரண்டாயிரமும், பதின்மூவாயிரமும், பதினையாயிரமும் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுள் எதனோடு பொருதாலும் நாம் பெரியவர். மேலும் நாம் நடுவே நிற்பதால், ஒரு களத்தினின்று மறுகளத்திற்கு நாம் செல்லும் வழி குறுகியது. அவர்கள் ஒருவரையொருவர் அடையும் வழி நெடியது. ஆகவே திரட்சியிலும் விரைவிலும் நாமே மேம்பட்டோம் என்பது அவன் கூறும் ஏது.

இங்கு வாதத்தின் இயல்பினை உற்றுநோக்குதல் வேண்டும். ‘சூழப்பட்டோம்’ என்று முதியோர் எச்சொல்லால் குறித்தனரோ, அதே நிலையை ‘நடுவிடம் பெற்றோம்’ என்று இளையோன் குறிக்கின்றான். நிலை ஒன்றே, பெயர் இரண்டு. வேறுபாடு காலத்தைப் பற்றியது. வளையம் மூடியபின் நடுவே நிற்பவன் சிறைப்பட்டவன். மூடுமுன் நடுவே நிற்பவன் வழி குறுகப் பெற்றவன். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்றாகப் பகுத்துக் காணும் மரபு தமிழ் கற்றார்க்குப் புதியதன்று. முதியோர் வலியை மட்டும் அளந்தனர். இளையோன் இடத்தையும் காலத்தையும் உடன் வைத்து அளந்தான்.

எனினும் அவையில் ரைன்ஹார்டு வென்றது வாதத்தால் மட்டுமன்று. அவன் சொல்லை அவர்கள் முழுதும் ஏற்றனர் எனக் காதை கூறவில்லை. அவன் தலைவன், ஆதலின் வாதத்தை ஆணையால் முடித்தான். இச்சிறு செய்தி பின்னர் நமக்குப் பயன்படும்.

4. கூட்டமைப்பின் அவை

கூட்டமைப்பின் இரண்டாம் படையில் யாங் வென்லி என்னும் இளைஞன் தலைவர்க்குக் கருத்துரைக்கும் அலுவலனாய் இருக்கின்றான். வரலாறு பயில விரும்பி, செலவின்றிக் கற்கலாம் என்பதற்காகப் படைக்கல்லூரி புகுந்தவன் அவன். ரைன்ஹார்டு எண்ணியவற்றையெல்லாம் மறுபுறத்தினின்று எண்ணியவன். பிரிந்து செல்லும் திட்டத்தின் இடரைப் போருக்கு முன்னரே எடுத்துரைத்தான். அவன் உரை ஏற்கப்படவில்லை.

போர் தொடங்குகின்றது. பேரரசின் படை, வளையம் மூடும்வரை காத்திராமல், நேரெதிரே வந்த நான்காம் படையின்மேல் பாய்கின்றது. செய்தித்தொடர்பு குலைக்கப்படுகின்றது. பயேட்டா உடனே நான்காம் படைக்குத் துணையாக விரைய எண்ணுகின்றார். யாங் மறுக்கின்றான். நாம் சென்று சேர்வதற்குள் நான்காம் படை அழிந்திருக்கும். பகைவர் அடுத்துத் தாக்குவது ஆறாம் படையையே. ஆதலின் ஆறாம் படையோடு சேர்ந்து புதிய களம் அமைப்போம் என்பது அவன் கருத்து. நண்பரைக் கைவிடுவதோ என்று தலைவர் சினக்கின்றார். கருத்து மீண்டும் தள்ளப்படுகின்றது.

ஆறாம் படையிலும் இவ்வாறே ஒரு காட்சி அமைந்துள்ளது. யாங்கின் நண்பன் லாப் அப்படையின் அலுவலன். பகைவர் வலப்புறத்துப் பின்திசையினின்று தாக்கியபோது, தலைவர் மூர் கலங்களை அங்கேயே திருப்பி எதிர்க்க ஆணையிடுகின்றார். பகைவர் முன்னிலையில் திரும்புதல் கேடு என்று லாப் தடுத்துரைக்கின்றான். அவன் சொல்லும் ஏற்கப்படவில்லை. ஆறாம் படை அழிகின்றது. லாப்பும் உடன் மடிகின்றான்.

ஆக, ஒரே போரில் மூன்று இளைஞர் களநிலையைச் சரியாக உணர்ந்துரைக்கின்றனர். அறிவால் மூவரும் ஒருநிகரினர் எனலாம். ஒருவன் கையில் ஆணை இருந்தது. மற்றையிருவர் கையில் சொல் மட்டுமே இருந்தது. 2018ஆம் ஆண்டுப் படைப்பு இப்போரின் முதற்பகுதியைப் பேரரசின் பக்கம் நின்றும், அடுத்த பகுதியைக் கூட்டமைப்பின் பக்கம் நின்றும் காட்டுவது இவ்விணையமைப்பினை நன்கு விளக்குகின்றது.

5. எண்ணின் சான்று

யாங் கூறியது சரியென்பதை எண்ணைக் கொண்டே ஆராயலாம். இங்கிலாந்து நாட்டுப் பொறியியலறிஞர் லாஞ்செஸ்டர், வானூர்திப் போர் பற்றி 1916இல் வெளியிட்ட நூலில் ஒரு விதியினை நிறுவினார். இருதிறத்துக் கருவிகளும் ஒத்த ஆற்றலுடையனவாய், யாவும் யாவற்றையும் தாக்கவல்லனவாய் இருப்பின், ஒரு படையின் வலிமை அதன் தொகையைப் பொறுத்ததன்று. தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவ்விதி. பெரும்படை மிகுதியாகத் தாக்குகின்றது. தான் பெறும் தாக்குதலையும் பலர்மேல் பகிர்ந்து கொள்கின்றது. இவ்விரு நன்மையும் சேர்வதால் வர்க்கம் தோன்றுகின்றது.

இவ்விதியை அஸ்டார்டேக்குப் பொருத்துவோம். ஆயிரத்தை ஓர் அலகாகக் கொள்வோம். பேரரசின் 20இன் வர்க்கம் 400. நான்காம் படையின் 12இன் வர்க்கம் 144. கழித்தால் 256, அதன் மூலம் 16. முதற்போரில் பேரரசு வென்று 16,000 கலங்களோடு எஞ்சும். அடுத்து ஆறாம் படை. 13இன் வர்க்கம் 169. 256இனின்று கழித்தால் 87. மூலம் ஏறத்தாழ 9.3. இரண்டாம் போரிலும் பேரரசே வெல்லும். மூன்றாவதாக நிற்பது 15,000 கலங்களையுடைய இரண்டாம் படை. 15இன் வர்க்கம் 225. இஃது 87ஐ விடப் பெரிது. மூன்றாம் போரில் பேரரசு தோற்றொழியும். கூட்டமைப்பில் ஏறத்தாழ 11,700 கலங்கள் எஞ்சும்.

இம்முடிபு வியப்பைத் தருவது. மூன்றாகப் பிரிந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பொருதபோதும், எண் கணக்கின்படி கூட்டமைப்பே இறுதியில் வெல்லல் வேண்டும். 144, 169, 225 ஆகிய மூன்றின் கூட்டுத்தொகை 538; அது 400ஐ விஞ்சுகின்றது. ஆகவே ‘பிரித்தமையால் தோற்றனர்’ என்னும் பொதுமுடிபை எண் ஆதரிக்கவில்லை. அவையில் ரைன்ஹார்டு கூறிய வாதமும் தன்னளவில் நிறைவுடையதன்று. முதலிரு வெற்றிகளுக்கு அது போதும், மூன்றாவதற்குப் போதாது.

காதையில் பேரரசு போர் முழுவதிலும் இழந்தவை ஏறத்தாழ 2,200 கலங்களே. விதியின்படி முதற்போரிலேயே 4,000 கலங்கள் இழக்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? விதி, இருதிறத்தாரும் ஒருவரையொருவர் எதிர்நோக்கி நிற்பதாகக் கொள்கின்றது. நான்காம் படையோ பகைவர் தன்மேல் பாய்வர் என எதிர்பார்க்கவில்லை. வளைக்கப்பட்டவன் அஞ்சிக் காத்திருப்பான் என்றே எண்ணிற்று. ஆறாம் படை பின்திசையினின்று தாக்கப்பட்டது. திரும்பும் முயற்சியில் மேலும் சிதைந்தது. ஆகவே ரைன்ஹார்டின் வெற்றிக்குத் தொகையும் வழியின் குறுக்கமும் முதற்காரணங்களேயன்றி முழுக்காரணங்கள் ஆகா. தம் திட்டம் தம் மனத்தில் இருந்தவாறே பகைவர் மனத்திலும் இருக்கும் என நம்பினர் கூட்டமைப்பினர். குறையை நிரப்பியது அந்நம்பிக்கையே.

யாங்கின் கருத்து ஏற்கப்பட்டிருப்பின் என்னாகும் என்பதையும் இவ்விதியால் காணலாம். நான்காம் படையை வென்று 16,000 கலங்களோடு வரும் பேரரசை, ஆறாம் படையும் இரண்டாம் படையும் சேர்ந்து 28,000 கலங்களோடு எதிர்கொள்ளும். 28இன் வர்க்கம் 784. 256ஐக் கழிக்க 528. மூலம் ஏறத்தாழ 23. கூட்டமைப்பு 23,000 கலங்கள் எஞ்ச வெல்லும். அவையில் தள்ளப்பட்ட சொல்லின் மதிப்பு இது.

6. வரலாற்றின் சான்று

கற்பனைப் போர் ஒன்றைக் கொண்டு பொதுவிதி கூறல் தகாது ஆதலின், மெய்யான வரலாற்றினின்று இரு போர்களை எடுத்துக்கொள்வோம்.

1619ஆம் ஆண்டில் சீன நாட்டு மிங் அரசு, மஞ்சூரியத் தலைவன் நூர்ஹாசியை ஒடுக்கத் தன் படையை நான்கு பிரிவாக்கி நான்கு வழியில் அனுப்பிற்று. நூர்ஹாசி தன் படையைப் பிரிக்கவில்லை. பிறவற்றுக்கு முந்தி வந்த டூ சோங் என்பானின் பிரிவைச் சார்ஹூ என்னுமிடத்தில் முதலில் அழித்தான். பின்னர் மா லின், லியூ டிங் ஆகியோரின் பிரிவுகளை அடுத்தடுத்துச் சில நாட்களுள் முறியடித்தான். நான்காம் பிரிவு போரிடாமலே திரும்பிற்று. அஸ்டார்டேயின் அமைப்பே இது. பிரிந்து சென்றவர்கள் ஒருவர் நிலையை மற்றவர் அறிந்து உதவும் வழியின்றி ஒவ்வொருவராய் அழிந்தனர்.

இதற்கு மாறானது 1866ஆம் ஆண்டுப் போர். பிரஷ்யப் படைத்துறைத் தலைவர் மோல்ட்கே, தம் படைகளை வெவ்வேறு வழிகளில் பிரித்தே பொஹீமியாவிற்குள் செலுத்தினார். எதிர்நின்ற ஆஸ்திரியத் தளபதி பெனெடெக், நடுவிடம் பெற்றிருந்தார். ரைன்ஹார்டின் நிலையே அவர் நிலை. ஆயின் பிரிந்த பகுதிகளுள் ஒன்றை மற்றொன்று வந்து சேருமுன் அவர் அழித்திலர். சூலைத் திங்கள் 3ஆம் நாள் சடோவா அருகே போர் மூண்டது. பிரஷ்ய இளவரசரின் படைக்கு முன்னிரவில் குதிரைவீரர் வழியே ஆணை சென்றிருந்தது. அப்படை நண்பகலையொட்டிப் பக்கத்தினின்று வந்து பாயவே, ஆஸ்திரியர் தோற்றனர். நடுவிடம் என்பது அன்று சிறையாயிற்று.

இவ்விரு போர்களிலும் பிரிந்து சென்றவர் உளர். நடுவே நின்றவரும் உளர். விளைவுகளோ நேர்மாறானவை. ஆகவே விளைவைத் துணிவது பிரிவன்று. பிரிந்த பகுதிகள் ஒன்றையொன்று அடைதற்கு வேண்டும் காலம், பகைவன் அவற்றுள் ஒன்றை அழித்தற்கு வேண்டும் காலத்தினும் குறைவோ மிகுதியோ என்பதே துணிவது. சார்ஹூவில் மிகுதி, சடோவாவில் குறைவு.

7. பிரித்த படை

இவ்வளவையைக் கொண்டு அஸ்டார்டேயின் இறுதிக் காட்சியை நோக்குவோம். இரண்டாம் படைத்தலைவர் பயேட்டா புண்பட்டு வீழ, தலைமை யாங்கிடம் வருகின்றது. முதன்முறையாக அவன் சொல் ஆணையாகின்றது. ரைன்ஹார்டு தன் படையை நூற்கும் கதிர்போல் நடுப்பருத்து முனைகூர்ந்த வடிவில் அமைத்து, பகைப்படையை நடுவே பிளந்து செல்ல முற்படுகின்றான். இரண்டாம் படை இருகூறாகப் பிளவுபடுகின்றது. வென்றோம் எனப் பேரரசினர் எண்ணுகின்றனர்.

ஆயின் அப்படை பிளக்கப்படவில்லை, தானே பிரிந்தது. இருகூறும் பேரரசுப் படையின் இருமருங்கும் எதிர்த்திசையில் விரைந்து சென்று, அதன் பின்புறத்தை அடைந்து தாக்குகின்றன. பேரரசின் தலைவருள் எர்லாக் என்பான், ஆணையை மீறித் தன் கலத்தை அங்கேயே திருப்பி அழிகின்றான். ஆறாம் படையில் மூர் செய்த பிழையே இது. ஒரே பிழையை இருதிறத்தும் வைத்துக் காட்டி, அறியாமை ஒரு நாட்டிற்கே உரியதன்று எனக் காதையாசிரியர் உணர்த்துகின்றார். ரைன்ஹார்டு திரும்பவில்லை. முன்னோக்கியே விரைந்து வளைந்து, பகைவரின் வாலைப் பற்ற முயல்கின்றான். இரு படைகளும் ஒன்றன் வாலை ஒன்று பற்றிய வளையமாகின்றன. அவ்வாறே பொருதால் இருவரும் தேய்வர். ஆதலின் இருதிறத்தாரும் பிரிந்து செல்கின்றனர்.

முதலிற் கண்ட பிரிவிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு யாது? மூன்று படைகளும் மூன்று தலைவரின்கீழ், செய்தி செல்லாத் தொலைவில், பகைவன் காத்திருப்பான் என்னும் நம்பிக்கையோடு பிரிந்தன. யாங்கின் இருகூறும் ஒருவன் எண்ணத்தின்கீழ், முன்னரே கலந்தோறும் கணிப்பொறியில் பதிந்து வைத்த திட்டத்தின்படி, பகைவன் விரைந்து வருவான் என்பதையே முதலாகக் கொண்டு பிரிந்தன. முன்னையதில் செய்தித்தொடர்பு அறுந்ததும் படைகள் தனித்துப் போயின. பின்னையதில் தொடர்பு அறுவதற்கு இடமே இல்லை. முன்னையதனைப் பிரிந்த படை என்றும், பின்னையதனைப் பிரித்த படை என்றும் நாம் வேறுபடுத்தி வழங்கலாம். பிரிந்த படை தன் கூறுகளை இழந்த படை. பிரித்த படை இடத்தால் இரண்டாயினும் கருத்தால் ஒன்றாகிய படை.

8. எஞ்சும் வினா

இதுகாறும் கூறியவை யாங்கின் அறிவை நிறுவுவன. ஆயின் காதை அவ்வளவில் நிற்கவில்லை. நான்காம் படையைக் கைவிடுக என்னும் அவன் கருத்து, கணக்கால் சரியானதாயினும், அப்படையில் இருந்தோர்க்கு என்ன பொருள் தந்திருக்கும்? ‘நண்பரைக் கைவிடுவதோ’ என்ற பயேட்டாவின் சினம் போர்முறையால் தவறு; மனிதத்தன்மையால் தவறன்று. அச்சினமே ஆறாம் படையையும் லாப்பையும் பலிகொண்டது என்பதும் உண்மை. இவ்விரண்டையும் ஒருங்கே நம்முன் வைத்துவிட்டு ஆசிரியர் தீர்ப்புக் கூறாது செல்கின்றார்.

போரில் மடிந்த கூட்டமைப்பினர் 15 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்க்கு எடுத்த நினைவு விழாவில், பாதுகாப்புக் குழுத்தலைவர் டிரூனிக்ட் அவர்தம் சாவினைப் புகழ்ந்து சொற்பொழிவாற்றுகின்றார். அவையோர் எழுந்து ஆரவாரிக்க, யாங் எழாது அமர்ந்திருக்கின்றான். அப்போது லாப்பை மணக்கவிருந்த ஜெஸிகா எட்வர்ட்ஸ் என்னும் பெண் மேடைமுன் வந்து, தம் காதலர் மடிந்தபோது தாங்கள் எங்கிருந்தீர்கள் என்னும் கருத்துப்பட வினவுகின்றாள். அவள் வெளியேற்றப்படுகின்றாள், விடை கிட்டவில்லை.

இக்காட்சியைப் போர்க்காட்சியினின்று வேறாக்கிக் காணல் பொருந்தாது என்பது நம் துணிபு. பேரரசின் அவை, இரண்டாம் படையின் அவை, ஆறாம் படையின் அவை, நினைவு விழாவின் அவை என நான்கு அவைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. முதலதில் உண்மையுரை ஆணையாயிற்று. பின்னைய மூன்றிலும் அது தள்ளப்பட்டது. கூட்டமைப்பு மக்களாட்சி, உரையாடலால் ஆளப்படுவது எனத் தன்னைக் கூறிக்கொள்வது. அங்கேயே சொல் செவியேறவில்லை என்பதும், முடியாட்சியில் ஒருவன் கையில் ஆணையும் அறிவும் தற்செயலாக ஒன்றுபட்டன என்பதும் பின்வரும் நூல்கள் அனைத்திலும் தொடர்ந்து ஆராயப்படும் பொருள்கள். அவ்வாராய்ச்சிக்குரிய வித்து அஸ்டார்டேயிலேயே இடப்பட்டுள்ளது.

எனவே அஸ்டார்டேயை விளக்குவோர், படை மூன்றாகப் பிரிந்ததை மட்டும் எண்ணாது, இரண்டாம் படையிலும் ஆறாம் படையிலும் தலைமைக்கும் அறிவிற்கும் இடையே இருந்த பிரிவையும் உடன் எண்ணுதல் வேண்டும். விண்வெளித் தொலைவை ஒருகால் விரைவால் கடந்திருக்கலாம். பயேட்டாவிற்கும் அவர் அருகே நின்ற யாங்கிற்கும் இடைப்பட்ட தொலைவே கடக்கப்படாது போயிற்று.